அஞ்சுவோருக்கு ஏற்ற பலகை





மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவருக்குப் பனிச்சறுக்குப் பலகையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் கடந்த சில வாரங்களாக, டொரொன்டோவின் கிழக்குப் பகுதியில் நாம் பணியாற்றும் வார இறுதி மத்ரஸாவின் வாசலில், பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் தாய்மார்கள் எம் துணைவியாரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர். “பிள்ளைகள் ஸ்கீ பழகுகிறார்கள். நாங்களும் பழகலாமா? எங்களைப் போல் பயந்தவர்களுக்கு எந்தப் பலகை பொருந்தும்?” அவரும் குளிரில் நின்றபடியே ஒவ்வொருவருக்கும் விடை கூறினார். ஐந்தாவது சகோதரியும் கேட்டுச் சென்ற அன்று, “இதை நீங்கள் எழுதிவிடுங்கள். உங்கள் தவறையும் சேர்த்து எழுதுங்கள்” என்றார். அவர் கூறியதன் இரண்டாம் பகுதிக்காகவே இதை எழுதுகிறோம்.

கடற்கரையில் வளர்ந்தவர்

எம் துணைவியார் கீழக்கரையில் பிறந்து வளர்ந்தவர். கடலை அறிந்தவர், பனியை அறியாதவர். கனடாவிற்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே, வீட்டு வாசற்படியில் உறைந்து கிடந்த பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து அவருடைய மணிக்கட்டு முறிந்தது. அன்று முதல் நவம்பர் பிறந்துவிட்டால் அவருடைய நடை மாறிவிடும். ஒவ்வோர் அடியையும் அளந்து வைப்பார்; கைப்பிடிச் சுவர் இல்லாத இடத்தில் எம் தோளைப் பற்றிக்கொள்வார். மாலை ஐந்து மணிக்கு முன்பே மஃரிபு வந்துவிடும் அந்த நாட்களில், கடைக்கும் பள்ளிவாசலுக்கும் தவிர வேறெங்கும் செல்ல மாட்டார். ஆண்டில் ஐந்து மாதங்கள் சன்னலுக்கு உட்புறமாகவே கழியும்.

எங்கள் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளியிலிருந்து பிள்ளைகளைப் பனிச்சறுக்குக்கு அழைத்துச் சென்றனர். வீடு திரும்பியவள் இரவு உணவின்போதும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். இறுதியில், “அங்கே முக்காடு போட்டிருந்தது நான் ஒருத்திதான் உம்மா. நீங்களும் வந்தால் நன்றாக இருக்கும்” என்றாள். அவள் அதைப் பெரிதாக நினைத்துக் கூறவில்லை. ஆனால் எம் துணைவியாருக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. சுபுஹுக்குப் பிறகு தேநீர் கொடுத்தபோது, “நான் பழகுகிறேன்” என்றார். அப்போது அவருக்கு வயது 42.

நாம் வாங்கிய பலகை

இத்தகைய பொருளை வாங்குவது ஆணின் வேலை என்று எண்ணிக்கொண்டோம். அடுத்த தெருவில் ஒரு குடும்பத்தார் வீட்டு முற்றத்தில் பழைய பொருள்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தனர். அங்கே ஒரு ஜோடி ஸ்கீயும் அதற்குரிய பூட்ஸும் சேர்த்து 60 டாலருக்குக் கிடைத்தன. பலகையின் நீளம் 170 சென்டிமீட்டர். எம் துணைவியாரின் உயரம் 156 சென்டிமீட்டர். விற்றவரிடம் நீளத்தைப் பற்றிக் கேட்டோம். கையை உயர்த்தினால் மணிக்கட்டு வரை இருக்க வேண்டும் என்பதே தம் காலத்து விதி என்றும், அதன்படி பார்த்தால் இது குட்டைதான் என்றும் அவர் கூறினார். பூட்ஸ் ஓர் அளவுக்கு மேல் பெரிதாக இருந்தது. இரண்டு காலுறைகளை அணிந்தால் சரியாகிவிடும் என்று நாமே தீர்ப்பளித்தோம். ஊரில் பள்ளிச் சீருடை தைக்கும்போது, “வளர்ந்து போடட்டும்” என்று மடிப்பு விட்டுப் பெரிதாகத் தைக்கச் சொல்வோமல்லவா? அதே மனநிலைதான். பழகப் பழகப் பலகைக்கு ஏற்ப அவர் வளர்ந்துவிடுவார் என்று எண்ணினோம்.

காலணியைப் பலகையோடு பிணைக்கும் கருவியைப் பைண்டிங் என்பர். அதை அளவு பார்த்து வைப்பதற்காக ஒரு கடைக்குக் கொண்டு சென்றோம். இந்தப் பைண்டிங் மிகப் பழையது, இதற்கு உற்பத்தியாளரின் பொறுப்பு இப்போது இல்லை, ஆகவே கைவைக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டனர். அதுவே எமக்குப் போதிய எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். நாமோ அதை வியாபாரத் தந்திரம் என்று கருதி, நண்பர் ஒருவரைக் கொண்டு திருப்புளியால் திருகுகளைச் சரிசெய்வித்தோம். வீட்டுக்குப் பின்புறம் பனியில் நடந்து பார்த்தபோது ஒரு பலகை கழன்று விழுந்தது. “நன்றாக இறுக்கிவிடுங்கள், கழன்றுவிடக் கூடாது” என்றோம். அவரும் இறுக்கினார்.

ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பழகுவோருக்கான சிறு சரிவில் எம் துணைவியார் விழுந்தார். வேகமாக வந்து விழவில்லை. நின்றுவிடும் வேகத்தில்தான் வந்தார். பலகைகளின் முனைகளை உள்நோக்கித் திருப்பி, ஆப்பு வடிவத்தில் நிறுத்தி வேகத்தைக் குறைப்பதே முதல் பாடம். இங்கே சிறுவர்களுக்கு அதைப் ‘பீட்சா’ என்று கற்றுக்கொடுக்கின்றனர். அந்த நீண்ட பலகைகளின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ள, அவர் பின்புறமாகச் சாய்ந்து மெதுவாகத் திரும்பி விழுந்தார். உடல் ஒரு பக்கம் திரும்பியது. கால் பலகையோடு மறுபக்கம் நின்றுவிட்டது. பைண்டிங் கழலவில்லை. நாம் சொன்னபடியே அது கழலாமல் இருந்தது.

முழங்காலின் உட்புறத்து இணைப்புநார் கிழிந்திருந்தது. முழுவதுமாகக் கிழியாததால் அறுவை தேவைப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆறு வாரங்கள் முழங்காலில் பட்டை அணிந்து, நாற்காலியில் அமர்ந்து தொழுதார். அந்நாட்களில் அவர் எம்மை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ஒருநாள் மட்டும், காலை நீட்டி அமர்ந்தபடி, “நான் பயந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். பலகைக்குத் தெரியாதே. அதற்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்” என்றார். நாம் விடை கூறவில்லை. கூறுவதற்கு எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இம்முறை நான் தேர்ந்தெடுக்கிறேன்

அடுத்த அக்டோபரில் மருத்துவர் காலைப் பரிசோதித்து, எல்லாம் சீராக இருப்பதாகக் கூறினார். பனிச்சறுக்கு என்ற பேச்சே இனி எங்கள் வீட்டில் எழாது என்று நாம் நம்பியிருந்தோம். அவரோ, “மீண்டும் முயல்கிறேன். ஆனால் இம்முறை நான்தான் தேர்ந்தெடுப்பேன். நீங்கள் உடன் வந்தால் போதும்” என்றார். அதன்பின் ஒரு மாதம் நாங்கள் இருவரும் மாலை நேரங்களில் அமர்ந்து இதைப் பற்றிப் படித்தோம், அறிந்தவர்களிடம் கேட்டோம். அவ்வாறு கற்றவற்றுள் பழகுவோருக்குப் பயன்படுவனவற்றை இங்கே வரிசையாகக் கூறுகிறோம்.

முதலாவது, பலகைக்கு முன் பூட்ஸ். கால் சொல்வதைப் பலகைக்குக் கொண்டுசெல்வது அதுதான். பூட்ஸுக்குள் கால் அசைந்தால் பலகைக்குச் செய்தி போய்ச் சேராது. அதன் அளவு பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பது. எம் துணைவியாருக்கு 23.5. நேராக நிற்கும்போது விரல்நுனிகள் முன்புறத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்து முன்னே சாய்ந்தால் அவை சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலெழக் கூடாது. காலுறை ஒன்றே போதும். அதுவும் மெல்லியதாக இருக்க வேண்டும். இரண்டு காலுறை அணிவது இரத்த ஓட்டத்தைத் தடுத்துக் குளிரை அதிகமாக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தோம். பெண்களின் கெண்டைத் தசை ஆண்களுடையதைவிடத் தாழ்ந்து அமைந்திருப்பதால், பெண்களுக்கான பூட்ஸில் மேற்பகுதி தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும். பூட்ஸின் விறைப்பை ஓர் எண்ணால் குறிப்பர். பழகும் பெண்களுக்கு அது 50 முதல் 70 வரை இருந்தால் போதும். அவர் தேர்ந்தெடுத்தது 60.

இரண்டாவது, நீளம். எமக்குப் பலகையை விற்றவர் பொய் கூறவில்லை. அவர் இளைஞராக இருந்த காலத்தில் அதுவே விதி. அந்தக் காலத்துப் பலகைகள் ஏறத்தாழ ஒரே அகலத்தில் நேராக இருந்தன. 1960-களிலேயே அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிளிஃப் டெய்லர் என்ற பயிற்சியாளர், முதலில் மிகக் குட்டையான பலகையில் பழக்கி, பிறகு படிப்படியாக நீளத்தைக் கூட்டும் முறையைக் கையாண்டார். பின்னர் 1990-களின் தொடக்கத்தில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம், முனைகள் அகன்று இடை ஒடுங்கிய பலகையைக் கொண்டுவந்தது. அதைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்தால், விளிம்பின் வளைவே அதைத் திருப்பிவிடும். சில ஆண்டுகளில் எல்லா நிறுவனங்களும் அவ்வடிவத்துக்கு மாறின. நீளம் குறைந்தது, பழகுவது எளிதாயிற்று. இன்று பழகுவோருக்குக் கூறப்படும் அளவு, நிறுத்தி வைத்தால் மோவாய்க்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம். எம் துணைவியார் 140 சென்டிமீட்டரைத் தேர்ந்தெடுத்தார். நாம் வாங்கியதைவிட 30 சென்டிமீட்டர் குறைவு. ஏறத்தாழ ஓர் அடி அளவுகோலின் நீளம்.

மூன்றாவது, மென்மை. இதுதான் எமக்குப் பெருவியப்பாக இருந்தது. விலை கூடிய பலகை நல்ல பலகை என்று எண்ணியிருந்தோம். விரைந்து செல்லும் வல்லுநர்களுக்கான பலகை விறைப்பானது. உள்ளே உலோகத் தகடு வைத்தும் செய்வர். வேகமும் விசையும் சேர்ந்தால்தான் அது வளையும், வளைந்தால்தான் திரும்பும். மெதுவாகச் செல்பவர் அதில் ஏறினால் அது வளையாது, நேரே போகும். நேரே போனால் வேகம் கூடும். வேகம் கூடினால் அச்சம் கூடும். அஞ்சியவர் பின்னே சாய்வார். பின்னே சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பிடிப்பை இழக்கும். ஆக, அஞ்சுபவருக்கு விலையுயர்ந்த பலகையைக் கொடுப்பது அவருடைய அச்சத்தை வளர்ப்பதற்கு ஒப்பாகும். மெதுவாகச் செல்பவருக்கும் வளைந்து கொடுக்கும் மென்மையான பலகையே வேண்டும். கடையில் அதன் அடியை ஊன்றி, முனையைப் பிடித்து, நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தால் வேறுபாடு கைக்கே தெரிந்துவிடும். முனை சற்று முன்னதாகவே மேல்நோக்கி எழுந்திருப்பதும் நல்லது. திரும்பும்போது விளிம்பு பனியில் சிக்குவது குறையும்.

நான்காவது, அகலம். பாதத்தின் கீழுள்ள இடை ஒடுக்கமாக இருந்தால் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு மாறுவது எளிது. எந்திரத்தால் சமன்செய்த சரிவிலேயே செல்லப்போகிறவருக்கு 70 முதல் 80 மில்லிமீட்டருக்குள் போதும். அவருடையது 72. அகன்ற பலகை, ஆழமான புதுப்பனியில் செல்வோருக்கானது. அதில் நாங்கள் செல்லப்போவதில்லை.

பெண்களுக்கான பலகை என்று தனியே ஒன்று தேவையா என்ற கேள்வியும் எழுந்தது. அமெரிக்காவில் ஜீனி தோரன் என்ற அம்மையார், ஆண்களுக்காகச் செய்த பலகையைப் பூப்போட்டுப் பெண்களுக்கு விற்பதை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் குரல் கொடுத்தவர். பெண்ணின் உடல் எடை அமைந்திருக்கும் விதம் வேறு என்பதால், பைண்டிங்கைச் சற்று முன்னே நகர்த்தினால் திருப்புவது எளிதாகும் என்பது அவர் வலியுறுத்தியவற்றுள் ஒன்று. இன்று பெண்களுக்கெனச் செய்யப்படும் பல பலகைகள் எடை குறைந்தும், மென்மையாகவும், பைண்டிங் முன்னே அமைந்தும் வருகின்றன. ஆயினும் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட வேண்டாம். எடை, மென்மை, பைண்டிங்கின் இடம் ஆகிய மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு, நாங்கள் அவ்வாண்டு எதையும் விலைக்கு வாங்கவில்லை. பருவம் முழுவதற்கும் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இங்கே உண்டு. முதல் பருவத்தில் பழகுபவரின் தேவை வேகமாக மாறும். பூட்ஸ் உறுத்தினால் மாற்றிக்கொள்ளலாம். பலகை பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பைண்டிங்கைத் தகுதி பெற்றவர்கள் அளந்து வைத்துத் தருவார்கள்.

படிவம்

பைண்டிங்கைத்தான் நாம் கடைசியாகக் கற்றோம். முதலில் கற்றிருக்க வேண்டியதும் அதுதான். பலகை காலோடு நன்கு பிணைந்திருக்க வேண்டும் என்பது அதன் பாதி வேலை. விழும்போது காலை விட்டுவிட வேண்டும் என்பது மறுபாதி. கால் பக்கவாட்டில் திருகும்போது முன்பகுதி திறக்கும். உடல் முன்னே சாயும்போது பின்பகுதி திறக்கும். எவ்வளவு விசைக்குத் திறக்க வேண்டும் என்பதை உள்ளிருக்கும் வில்லின் இறுக்கம் முடிவு செய்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும் பாடத்தைப் பிள்ளைகளுக்கு நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். இந்தக் கட்டு, உரிய நேரத்தில் அவிழவும் வேண்டிய கட்டு என்பது எமக்குத் தெரியவில்லை.

அந்த இறுக்கத்தைக் கணிக்க ஒரு பன்னாட்டு முறை உண்டு. ஐஎஸ்ஓ 11088 என்பது அதன் தர எண். எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், சறுக்குபவரின் வகை ஆகிய ஐந்தும் தேவை. எடையும் உயரமும் இரு வேறு வரிசைகளைக் காட்டினால் குறைந்த இறுக்கத்துக்குரியதையே கொள்வர். 50 வயதை எட்டியவர்களுக்கு மேலும் ஒரு படி குறைப்பர். வகைகள் மூன்று. மெதுவாக, மென்சரிவுகளில், எச்சரிக்கையோடு செல்பவர் முதல் வகை. விரைவாக, செங்குத்தான சரிவுகளில் செல்பவர் மூன்றாம் வகை. இடைப்பட்டவர் இரண்டாம் வகை. முதல் வகையினருக்குப் பைண்டிங் எளிதில் திறக்கும். தேவையற்ற சமயத்தில் சிலபோது கழன்றுவிடலாம். அதற்கு ஈடாக, விழும்போது காலை எளிதில் விட்டுவிடும். பனிச்சறுக்கில் முழங்கால் காயங்கள் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் ஏற்படுகின்றன என்பதால், இந்த எண்ணை அலட்சியமாகக் கருத இயலாது.

கடையில் ஓர் இளம்பெண் படிவத்தை நீட்டினார். எடை எழுதும் இடத்துக்கு வந்ததும் எம் துணைவியாரின் பேனா சற்று நின்றது. பிறகு 63 கிலோகிராம் என்று எழுதினார். 17 ஆண்டு இல்லறத்தில் அந்த எண்ணை எமக்கும் அவர் கூறியதில்லை. பெண்கள் எடையைக் குறைத்துக் கூறுவதும் ஆண்கள் திறமையைக் கூட்டிக் கூறுவதும் தமக்குப் பழகிப்போனவை என்று அந்தப் பெண் சிரித்தார்.

அவர் வகையைக் கேட்டபோது நாம் குறுக்கிட்டோம். “இரண்டாம் வகை என்று எழுதிக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டே பழகத் தொடங்கிவிட்டார்” என்றோம். ஏன் அப்படிக் கூறினோம் என்று பலமுறை எம்மையே கேட்டுக்கொண்டோம். முதல் வகை என்பது தாழ்வான இடம் என்று எமக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவரை உயர்த்திப் பேசுவதாகவே நாம் எண்ணினோம். அந்தப் பெண் எம்மை மறுக்கவில்லை. எம் துணைவியாரின் பக்கம் திரும்பி, மூன்று வகைகளையும் படித்துக் காட்டி, “நீங்கள் எப்படி?” என்று கேட்டார்.

“முதல் வகை” என்றார் எம் துணைவியார். எம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அவரே ஒரு கேள்வி கேட்டார். “போகும்போதே கழன்றுவிட்டால்?” அந்தப் பெண் பூட்ஸின் குதிகாலில் பொறித்திருந்த மில்லிமீட்டர் எண்ணைப் பார்த்தபடியே, “கழன்றால் மீண்டும் மாட்டிக்கொள்ளலாம். முழங்காலை அப்படி மாட்ட முடியாது” என்றார்.

வீடு திரும்பும் வழியில் எமக்கு எம் மத்ரஸாவே நினைவுக்கு வந்தது. புதிதாகச் சேரும் பிள்ளையைக் காயிதாவில் எங்கே தொடங்கலாம் என்று பார்ப்பதற்குள், “இவன் அம்ம ஜுஸ்உவே முடித்துவிட்டான்” என்று தந்தை முந்திக்கொள்வார். ஓதச் சொன்னால் எழுத்துக் கூட்டவே தடுமாறுவான். தந்தை கூறிய இடத்தில் அமர்த்தினால் அந்தப் பிள்ளை மூன்றே மாதத்தில் மத்ரஸாவையே வெறுத்துவிடும். ஆகவே தந்தையரை வெளியே அமரச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் நேரில் கேட்பது எம் வழக்கம். இருபது ஆண்டுகளாக மற்றவர்களுக்குச் சொல்லிவந்ததை எம் வீட்டில் நாம் செய்யவில்லை. முந்தைய ஆண்டு பலகையின் நீளத்திலும், இந்த ஆண்டு படிவத்திலும், இருமுறையும் அவருடைய விடையை நாமே கூற முற்பட்டோம். அவருக்கு இருந்த அச்சத்தை ஒரு குறையாகவே பார்த்தோம். அது அவர் தம் உடலைப் பற்றி அறிந்து வைத்திருந்த ஒரு செய்தி. அந்தச் செய்தி பலகைக்குப் போய்ச் சேராமல் இடையில் நின்றவர்கள் நாமே.

கழன்றது

டொரொன்டோ மாநகராட்சி நடத்தும் ஏர்ல் பேல்ஸ் பூங்காவில் ஒரு சிறு பனிச்சறுக்குச் சரிவு உண்டு. மலை என்று கூற முடியாது; பழகுவோருக்கு அதுவே தாராளம். பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தோம், கிடைத்தார். முக்காட்டைப் பற்றிக் கேட்ட சகோதரிகளுக்காக ஒரு சொல். தொங்கும் துணியும் குண்டூசியும் வேண்டாம். தலையையும் கழுத்தையும் மூடும் மெல்லிய உறை போன்றது கிடைக்கிறது. அதன்மேல் ஹெல்மெட் சரியாக அமரும். ஹெல்மெட்டின் அளவைப் பார்க்கும்போதும் அதை அணிந்தே பாருங்கள். தளர்ந்த நீண்ட மேலங்கிக்குக் கீழே பனிக்கால்சட்டை அணிந்தால் உடையைப் பற்றிய கவலை எழாது. ளுஹருக்கு ஒதுங்கும்போது பூட்ஸைக் கழற்றி மாட்டக் கால்மணி நேரமாவது ஆகும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அரைமணி நேரம் அவர் பத்தடிக்கு மேல் செல்லவில்லை. நாம் கீழே வேலியருகில் நின்றிருந்தோம். பிறகு மேலேயிருந்து, ஆப்பு வடிவத்தில், மிக மெதுவாக இறங்கினார். பாதி வழியில் ஒரு சிறுவன் குறுக்கே வரவே, தடுமாறித் திரும்பி விழுந்தார். சென்ற ஆண்டு விழுந்த அதே விதமாகவே அது எமக்குத் தெரிந்தது. எம் கால்கள் நகரவில்லை.

சிறு ஓசையோடு ஒரு பலகை அவர் காலைவிட்டுப் பிரிந்தது. பிரிந்த பலகையின் நிறுத்தி பனியில் ஊன்றிக்கொள்ள, அது நான்கடி தள்ளி நின்றுவிட்டது. அவர் பனியில் அமர்ந்தவாறே தம் முழங்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு எம்மை நோக்கிக் கையை உயர்த்தி, சரிவு முழுவதும் கேட்கும்படித் தமிழில் கூவினார்: “கழன்றது!”

அன்று அவர் மேலும் ஒன்பது முறை இறங்கினார். கடைசி இரண்டு முறை மகள் உடன் வந்தாள். அவள் முன்னே சென்று, நின்று, திரும்பிப் பார்த்துக் காத்திருந்தாள். இருவரும் கீழே வந்து சேர்ந்தபோது முக்காடிட்ட இரண்டு தலைகள் அருகருகே நின்றன. நாம் வேறெதையும் கூறாமல், பலகைகளை வாங்கிச் சுமந்துகொண்டு வந்தோம்.

இது நிகழ்ந்து இரண்டு பருவங்கள் ஆகின்றன. இவ்வாண்டு அவர் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிவிட்டார், நீளம் 144. இங்கே சரிவுகளைப் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று குறிப்பார்கள். அவர் இன்னும் பச்சை வட்டத்திலேயே செல்கிறார். நீலத்துக்குப் போகலாமே என்று நாம் கேட்பதில்லை. படிவத்தில் இன்றும் முதல் வகை என்றே எழுதுகிறார். மகள் நீலத்தில் இரண்டு முறை போய்விட்டு, மூன்றாம் முறை தாயோடு பச்சையில் இறங்குகிறாள். முன்பெல்லாம் நவம்பரில் சன்னலை மூடியவர், இப்போது முதல் பனி எப்போது விழும் என்று கேட்கிறார்.

சகோதரிகளே, காலுக்குப் பொருந்திய பூட்ஸ், குட்டையும் மென்மையுமான பலகை, தகுதி பெற்றவர் அளந்து வைத்த பைண்டிங் ஆகிய மூன்றும் இருந்தால் அஞ்சுவோரும் பழகலாம். முதல் ஆண்டு வாடகைக்கு எடுங்கள். பழைய பைண்டிங்கை வாங்காதீர்கள். வீட்டில் திருப்புளி கொண்டு அதைத் திருத்தாதீர்கள். சகோதரர்களே, கடைக்கு உடன் செல்லுங்கள், பலகையைச் சுமந்து வாருங்கள், பணத்தைச் செலுத்துங்கள். படிவத்தை மட்டும் அவர்களிடமே கொடுத்துவிட்டு, அவர்கள் எழுதி முடிக்கும் வரை பேசாமல் இருங்கள்.

அல்லாஹ் நம் இல்லங்களில் உள்ள அனைவரையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.